அக்கா கார்டு

அக்டோபர் 12

இன்று பார் வாசலில் மூன்று வயதுக் கார்டு பிடித்தேன். இரண்டு அண்ணன் கார்டு, ஒன்று அக்கா கார்டு. எங்கள் தெருவில் பார் வாசலில் நிற்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். போலிக் கார்டு அடித்துக்கொண்டு வருகிறவன் நூற்றில் ஒருத்தன். மற்றதெல்லாம் வீட்டில் மூத்ததுகளின் கார்டைச் சுட்டுக்கொண்டு வருகிற கேஸ். கார்டு அசல், படம் அசல், பெயர் அசல். ஆள்தான் வேறு.

எனக்கு ஒரே ஒரு கேள்வி போதும். "அடுத்த பிறந்த நாளுக்கு எத்தனை வயசு?" உண்மையான ஆள் பட்டென்று சொல்லிவிடுவான். தேதியை மட்டும் உருப்போட்டு வந்தவன் மேலே பார்த்துக் கணக்குப் போடுவான். போட்டு முடிப்பதற்குள் கார்டு என் கவருக்குள் போய்விடும். கவர் மேல் எண் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். மாதக் கடைசியில் கார்டு ஆபீஸ் ஆள் வந்து எண்ணி எடுத்துக்கொண்டு போவார்.

சாயங்காலம் தலை முழுக்க நரைத்த ஒருவர் வந்தார். யாராக இருந்தாலும் கேட்க வேண்டும் என்று மேனேஜரின் புது உத்தரவு. கேட்டேன். மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். இதை அப்படியே என் பொண்டாட்டி முன்னாடி ஒரு தடவை கேளுங்க தம்பி என்றார்.

கால் வலி. ஸ்டூல் இருப்பது பேருக்குத்தான். பதினொரு வருஷமாக நின்றுகொண்டே இருக்கிறேன்.

அக்டோபர் 19

எங்கள் தெருவில் ஏழு பார். ஏழு வாசல் ஆட்களும் சேர்ந்து போனில் ஒரு குரூப் வைத்திருக்கிறோம். யாராவது கார்டு பிடித்தால் உடனே படம் எடுத்துப் போட்டுவிடுவார்கள், அந்த ஆள் அடுத்த வாசலுக்குப் போய்விடக் கூடாதென்று. குரூப்பில் என் பெயர் காலண்டர் அண்ணன். மனக்கணக்கு அவ்வளவு வேகம் என்று.

இன்று குரூப்பில் ஒரு பாடமே எடுத்தேன். அக்கா தங்கச்சிக்கு மூக்கும் கண்ணும் ஒரே மாதிரி இருக்கும், காது இருக்காது, காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா தொங்குகிறதா என்று பாருங்கள் என்று எழுதினேன். கண்ணாடி உடனே கைகூப்புகிற படம் போட்டான். அவன் எதிர்வாடைக் கோடி பாரில் புதுசாகச் சேர்ந்தவன். சோடாபுட்டிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆள் பார்க்கிற வேலைக்கு வந்திருக்கிறானே என்று எல்லோரும் அவனைக் கிண்டல் செய்வார்கள்.

எழுதிய பிறகுதான் தோன்றியது. என் பெண்கள் இரண்டு பேரில் பெரியவளுக்கு ஒட்டின காது. சின்னவளுக்குத் தொங்குகிற காது.

பெரியவள் இறந்து, போன மாதம் ஒன்பதாம் தேதியோடு நாலு வருஷம். ஆறு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். இறப்பைப் பதியப் போனபோது அவளுடைய கார்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். தொலைந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய். அலமாரியில் அவளுடைய ஆஸ்பத்திரிக் காகிதங்களுக்கு அடியில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கிறதில்லை. இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

அக்டோபர் 27

மழை. கூட்டமில்லை. வீட்டிலும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை.

நவம்பர் 6

எழுத முடியுமா தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

சாயங்காலம் ஆறேகால். குரூப்பில் கண்ணாடி ஒரு படம் போட்டான். அக்கா கார்டு, காதை வைத்துப் பிடித்தேன், பெண் கார்டை விட்டுவிட்டு ஓடிவிட்டது, எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கீழே எழுதியிருந்தான். படத்தைத் திறந்தேன்.

என் பெரியவள்.

வாசலில் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். குரூப்பில் ஒவ்வொருத்தனாகச் சிரிக்கிறான். காலண்டர் அண்ணன் பாடம் வேலை செய்துவிட்டது என்கிறான் ஒருத்தன். அவர்களுக்கென்ன தெரியும்? வீட்டு விஷயத்தை நான் வேலை இடத்தில் வாய் திறந்ததே இல்லையே. எல்லோரும் ஏதோ போடுகிறார்கள், நான் மட்டும் பேசாமல் இருந்தால் தப்பாகிவிடும் என்று கட்டைவிரல் படம் போட்டேன். என் மகள் முகத்துக்குக் கீழே.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். காகிதங்கள் இருந்தன. கார்டு இல்லை.

நவம்பர் 7

காலையில் சின்னவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். போனைக் கொண்டுபோய் அவள் முகத்துக்கு நேரே காட்டினேன். வாயில் நுரையோடு அப்படியே நின்றாள்.

கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. செத்தவள் கார்டை எடுத்துக்கொண்டு போய்க் குடிக்கிறாயா, பதினேழு வயதுக் கழுதைக்கு பார் கேட்கிறதா, ஊரெல்லாம் உன்னை மாதிரி உள்ளதுகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறேனே என் வீட்டிலேயே… கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. கை மேலேயே நின்றுவிட்டது.

அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு, முகத்தைத் துடைத்துவிட்டு, நிதானமாகக் கேட்டாள்.

"எனக்கு எத்தனை வயசுப்பா?"

"பதினேழு."

"பதினெட்டு முடிஞ்சு அஞ்சு மாசம் ஆச்சு."

கணக்குப் போட்டேன். நான், காலண்டர் அண்ணன், வீட்டுக் குளியலறை வாசலில் நின்று மேலே பார்த்துக் கணக்குப் போட்டேன். அவள் சொன்னது சரி.

அவளுக்கென்று கார்டு ஏன் இல்லை என்று கேட்டதற்கு, மே மாதமே விண்ணப்பத்தை டிவி மேல் வைத்தாளாம், முதல் கார்டுக்கு அப்பா கையெழுத்துப் போட வேண்டுமாம், மூன்று தடவை ஞாபகப்படுத்தினாளாம். ஆமாம். அந்தக் காகிதம் எனக்கு நினைவிருக்கிறது. அதில் "உடன்பிறந்தோர்: உயிருடன் இருப்போர், இறந்தோர்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைத்தான் பார்த்தேன். மடித்து மெத்தைக்கு அடியில் தள்ளிவிட்டேன். என்ன காகிதம், யாருக்கு, எதற்கு, எதையும் பார்க்கவில்லை.

முதல் தடவை, கூடப் படித்த பெண்ணுக்கு வேலை கிடைத்ததென்று எல்லோரும் பாருக்குப் போனார்களாம். எல்லோரிடமும் கார்டு இருந்தது. இவளிடம் இல்லை. எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். சரி, அதோடு நிறுத்த வேண்டியதுதானே என்றேன்.

"வாசல்ல இருந்த அண்ணன் கார்டை வாங்கி, பேரை வாசிச்சு, உள்ள போம்மான்னு சொன்னாரு. அக்கா பேரைச் சொல்லி. நம்ம வீட்டுல யாருப்பா அந்தப் பேரைச் சொல்றீங்க? நாலு வருஷமா ஒரு தடவை சொல்லியிருக்கீங்களா?"

அதற்கப்புறம் மூன்று தடவை தனியாகப் போயிருக்கிறாள். கண்ணாடி ஒவ்வொரு தடவையும் பெயரை வாசிப்பானாம். உள்ளே போய் ஒரு ஜூஸ் குடித்துவிட்டு வந்துவிடுவாளாம். நேற்று ஐந்தாம் தடவை. காதைப் பார்த்துவிட்டான்.

அவள் அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நவம்பர் 8

எங்கள் வாசலில் ஒரு பலகை உண்டு. "இந்தத் தேதியிலோ அதற்கு முன்போ பிறந்தவர்களுக்கு மட்டும்" என்று எழுதி, கீழே எண் தகடுகள் மாட்ட ஆணி. அன்றைக்குச் சரியாகப் பதினெட்டு வருஷத்துக்கு முந்திய தேதியைக் கடை திறக்கும் முன் நான்தான் மாட்டுவேன்.

அப்படியென்றால் ஜூன் நான்காம் தேதி நான் என்ன செய்தேன்?

பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். ஜூன் 4: "நாலாம் நம்பர் தகட்டில் முனை உடைந்திருக்கிறது. மேனேஜரிடம் புதுசு கேட்க வேண்டும். புழுக்கம்." அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

சின்னவள் பிறந்த நாளை, மாதத்தோடு, வருஷத்தோடு என் கையால் மாட்டிவிட்டு, அதற்குக் கீழேயே அன்றைக்குப் பூராவும் நின்றிருக்கிறேன். வந்தவன் போனவன் எல்லாம் அதைப் பார்த்தான். எனக்கு உடைந்த தகடுதான் கண்ணில் பட்டது.

பெரியவளுக்குக் கார்டு வந்த அன்றைக்கு அவள் நேராக எங்கள் பாருக்குத்தான் வந்தாள். வரிசையில் நின்று, மற்றவர்கள் மாதிரியே கார்டை நீட்டி, கேளுங்க சார் என்றாள். கேட்டேன். அடுத்த பிறந்த நாளுக்குப் பத்தொன்பது என்றாள். உள்ளே போய் ஆரஞ்சு ஜூஸ் குடித்தாள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவளுக்கு அப்படி. இவளுக்கு உடைந்த தகடு. பாவி நான். அவள் செத்த அன்றைக்கு இவளுக்குப் பதினாலு. அந்தப் பதினாலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 10

பார் திறக்கும் முன் கண்ணாடியைப் போய்ப் பார்த்தேன். அது என் மூத்த மகள் கார்டு, அவள் உயிரோடு இல்லை, வந்தது தங்கச்சி என்று மூன்றே வரியில் சொன்னேன். பாவம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மாட்டினான், திரும்பக் கழற்றினான். தெரியாதுண்ணே, தெரியாதுண்ணே என்றான். நான் கேட்கவே இல்லை. அவனே பெட்டியைத் திறந்து, கவரைக் கிழித்துக் கார்டை என் சட்டைப் பையில் வைத்தான். ஒன்று குறைந்தால் யார் எண்ணப் போகிறார்கள் என்றான்.

எண்ணுவார்கள் என்று எனக்குத் தெரியும். பதினொரு வருஷமாகத் தெரியும். இருந்தும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 1

எண்ணிவிட்டார்கள். கண்ணாடியின் பெட்டியில் ஒரு எண் குறைகிறது. குரூப்பில் போட்ட படம் இருக்கிறது, கார்டு இல்லை. பிடித்த கார்டைச் சின்னப் பையன்களுக்கு விற்கிற ஆட்கள் உண்டு, அந்தச் சந்தேகம். அவனுடைய வாசல் பேட்ஜைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கே போயிற்று என்று எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லையாம்.

அவனுக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்தது.

டிசம்பர் 2

நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம்.

டிசம்பர் 3

போகவில்லை. போனால் என் பேட்ஜும் போகும். பொய் எழுதிக் கொடுத்தவன் ஊரார் கார்டைச் சோதிக்க முடியாது, சட்டம் அப்படி. ஐம்பது வயதில் எவன் எனக்கு வேலை கொடுப்பான்? அது போகட்டும். கார்டையும் பிடுங்கி வெட்டிவிடுவார்கள். அதுதான்.

டிசம்பர் 5

இன்றும் போகவில்லை. குரூப்பில் கண்ணாடியைத் திருடன் என்கிறார்கள். நான் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

டிசம்பர் 6

சின்னவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. தெருவில் யார் சொன்னார்களோ. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

"அக்கா பேரைச் சொன்ன ஒரே மனுஷன்பா அவரு. அவரைத் திருடன்னு சொல்ல விட்டுட்டு அந்தக் கார்டை வச்சு நாம என்ன பண்ணப் போறோம்?"

உன் மேலும் கேஸ் வரும், லேப் படிப்புக்கு எழுதிப் போட்டிருக்கிறாய், அதுவும் கெடும் என்று சப்பைக்கட்டு கட்டினேன். நான் செய்ததை நான்தானே சொல்ல வேண்டும், நானும் வருகிறேன் என்றாள்.

அப்போதுதான் அவள் அம்மா வாயைத் திறந்தாள். நாலு வருஷமாக அவளுக்கும் தெரியுமாம், கார்டு எங்கே இருக்கிறதென்று. அலமாரியைத் தூசி தட்டுகிறவள் அவள்தானே. நான் ஒளித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டாளாம். "குடுத்துருங்க," என்றாள். "புள்ளை அதுல இல்ல."

டிசம்பர் 9

போனோம். மூன்று பேரும்.

அதிகாரி அம்மா என்னைவிடச் சின்னவர். எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் பூசி மெழுகவில்லை. தொலைந்துவிட்டது என்று எழுதியது, ஒளித்து வைத்தது, கண்ணாடியிடம் வாங்கி வந்தது. சின்னவள் தன் பங்கைத் தானே சொன்னாள். இவ்வளவு நாள் ஏன் கொடுக்கவில்லை என்று அதிகாரி கேட்டார். கேட்ட விதம் அதட்டலாக இல்லை.

"குடுத்துட்டா அவ இல்லைன்னு ஆயிரும்னு நெனச்சேன்மா."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். சின்னவள் தானாக வந்து சொன்னதால் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். கண்ணாடி விற்கவில்லை என்பதற்கு நானே சாட்சி. கார்டை என்னிடம் கொடுத்ததற்கு அவனுக்கும் ஓர் எச்சரிக்கை, அடுத்த வாரம் வேலைக்குப் போகலாம். என் பேட்ஜை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

கார்டு வெட்டுகிற மிஷின் மூலையில் இருந்தது. வெளியே இருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, பார்க்கிறோம் என்றாள் அவள் அம்மா. ஒரு சத்தம். முடிந்துவிட்டது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சின்னவளின் விண்ணப்பத்தை நிரப்பினேன். அந்த வரி வந்தது. இறந்தோர்: ஒன்று. பெயர் எழுத இடம் விட்டிருந்தார்கள். எழுதினேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது. சின்னவள் எட்டிப் பார்த்து, எழுத்துப் பிழை இல்லை என்று சொல்லிவிட்டு அழுதாள். அவள் அம்மா எங்கள் இரண்டு பேரையும் திட்டினாள், ஆபீஸ் வாசலில் என்ன இது என்று. திட்டிக்கொண்டே அவளும் அழுதாள்.

டிசம்பர் 17

கண்ணாடி வேலைக்குப் போய்விட்டான். போன் செய்தான். அண்ணே, உங்க வேலையை நான் சாப்பிட்டுட்டேனே என்றான். உன் வேலையைத்தான்டா நான் சாப்பிடப் பார்த்தேன் என்றேன். குரூப்பிலிருந்து நானே விலகிக்கொண்டேன். பேட்ஜ் இல்லாதவனுக்கு அங்கே என்ன வேலை.

ஜனவரி 21

சின்னவளின் கார்டு தபாலில் வந்தது. படத்தில் முறைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் அம்மா கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

எந்த பாருக்கு வேண்டுமானாலும் இனி அவள் போகலாம். கேட்பதற்கு அங்கே நான் இருக்க மாட்டேன். இது என்னை இவ்வளவு வதைக்கும் என்று நினைக்கவில்லை.

ஒரு கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது. லாரிச் சீட்டுப் பார்க்க வேண்டும். லாரிக்கு வயது கேட்க வேண்டியதில்லை.

மார்ச் 8

லேப் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. எச்சரிக்கைக் கடிதத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்களாம், உள்ளதைச் சொன்னாளாம். சாப்பிடும்போது, இதே படிப்பில் அக்கா சேர்ந்திருந்தால் இந்நேரம் என் கையில்தான் ஊசி குத்திப் பழகியிருப்பாள் என்று பெயரைச் சொல்லிச் சொன்னாள். யாரும் சாப்பாட்டை நிறுத்தவில்லை.

ஜூன் 4

சின்னவளுக்குப் பத்தொன்பது. எழுந்தவுடனே சொல்லிவிட்டேன். அவள் தூக்கத்திலேயே சரிப்பா என்றாள்.

ஜூலை 15

யாரிடமும் சொல்லாத ஒரு கணக்கை இங்கே எழுதுகிறேன். பெரியவள் பிறந்தது ஜூலை முப்பது, போனது செப்டம்பர் ஒன்பது. இருந்தது பத்தொன்பது வருஷமும் நாற்பத்தோரு நாளும். சின்னவளுக்கு இன்றைக்குப் பத்தொன்பது வருஷமும் நாற்பத்தோரு நாளும்.

காலையில் அவள் கிளம்புகிற வரை பின்னாலேயே சுற்றினேன். அவள் இரண்டு தடவை தும்மினாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். தூசிப்பா என்றாள். கிடங்குக்குப் போகவில்லை, கால் வலி என்று சொல்லிவிட்டேன். மத்தியானம் மூன்று தடவை போன் செய்தேன், ஒரு காரணமும் இல்லாமல். சின்னவள் மூன்று தடவையும் எடுத்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

ஜூலை 16

காலையில் சின்னவள் காப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நோட்டைச் சட்டென்று மூடினேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, குனிந்தபடியே சொன்னாள்.

"இன்னிலேர்ந்து நான்தாம்பா மூத்தவ."

அவள் நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. நான் எழுந்து போய் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்கிறதென்று தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று விடுவித்துக்கொண்டு போனாள்.

அடுப்படிக்குப் போனேன். அவள் அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இந்தக் கணக்கை இவளிடம் எப்படிச் சொல்கிறது, சொல்லலாமா கூடாதா என்று மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே சொன்னாள்.

"தெரியும். நேத்து ராத்திரி பூரா அவ பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."